‘சியாபு பிள்ளை’: ஒரு தோட்டப் பட்டணத்துச் சிறுவனின் ஏழு ஆண்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்தின் அரசு கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்கு ஊசி போட்டு வளர்ச்சியைக் குறித்துவைப்பது என் வேலை. இங்கே எழுதுவது ஒரு பையனைப் பற்றி. அவன் தாய் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு முடிக்கும்வரை அவனைத் தொடர்ந்து பார்த்து வந்திருக்கிறேன். தாயும் பாட்டியும் எழுதச் சம்மதித்தார்கள். ஊர்ப் பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

கர்ப்பத்தில் தாய் சியாபு என்ற போதைப்பொருளை எடுத்தால் பிள்ளையின் மூளைக்கு என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பலர் கேட்கிறார்கள். அதற்கு ஓரளவு பதில் இதில் இருக்கிறது. கிளினிக்கில் நாங்கள் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அந்தத் தவறில் என் கையெழுத்து இருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பின்னணி

பையனின் பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது பட்டணத்தில் இரண்டு அறை மலிவு வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். கணவர் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு அப்போது 23 வயது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை, 12 மணி நேர ஷிப்ட். அவளோடு சேர்ந்து வாழ்ந்தவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார்.

சியாபு முதலில் லாரிக்குத்தான் வந்தது. விடிய விடிய ஓட்ட வேண்டும், கண் அசரக் கூடாது. அப்புறம் அது அவள் ஷிப்டுக்கும் வந்தது. “ரெண்டு நாள் தூங்காம நிக்கலாம் மிஸ்ஸி. பசிக்கவும் பசிக்காது. ஓவர்டைம் போட்டா வீட்டு வாடகை வந்துரும்” என்றாள். கூடாத சேர்க்கை, குஷி என்று வெளியில் பேசுகிறார்கள். நான் பார்த்த பெண்களில் பலருக்கு அது தொடங்கியது வேலையில். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆலோசனை சொல்லப் போனால், அவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள்.

கர்ப்பகாலம்

முதல் தடவை கிளினிக்குக்கு வந்தபோது 27 வாரம். எடை 43 கிலோ, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.6, குறைவு. வயிற்றை அளந்தால் 23 செண்டிமீட்டர்தான், 27 வாரத்துக்குக் கிட்டத்தட்ட 27 இருக்க வேண்டும். புத்தகத்தில் மஞ்சள் அடையாளம் ஒட்டி மருத்துவமனை நிபுணருக்கு அனுப்பினோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டதற்கு, வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். சிகரெட் பிடிப்பதை ஒத்துக்கொண்டாள், ஒரு நாளைக்கு ஏழெட்டு. முதல் மாதங்களில் பீரும் குடித்திருக்கிறாள். போதைப்பொருள் கேள்விக்கு இல்லை என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அவள் திரும்ப வர வேண்டும் என்பதே எனக்கு அப்போது முக்கியம். இரண்டு வாரம் கழித்து வந்தாள், மறுபடியும் வந்தாள். மூன்றாம் தடவை, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டி சுற்றும்போது, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். போலீஸ் வருமோ, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் ஐந்து மாதம் கிளினிக் பக்கமே வராமல் இருந்திருக்கிறாள்.

டாக்டரும் நானும் அன்றைக்கே உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள் சிலதான். முதலில் ரத்தம் ஏற மருந்து, சாப்பாடு, குழந்தையின் வளர்ச்சிக்கு அடுத்தடுத்து ஸ்கேன். இரண்டாவது, பொருளை நிறுத்தச் சொல்வது. ஹெராயின் என்றால் கர்ப்பிணி திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மாற்று மருந்தாக மெத்தடோன் கொடுப்பார்கள். இந்த நாட்டில் அந்தத் திட்டம் 2005இலேயே வந்துவிட்டது. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. நிறுத்தினால் ஆள் நாள் கணக்கில் தூங்கும், மனசு இருண்டுபோகும். அதனால் தனியாக விடாமல், அம்மா வீட்டில் இருக்கச் சொன்னோம். எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனைகள் எல்லாம் எடுத்தோம், ஒன்றிலும் குறை இல்லை.

அவள் குறைத்தாள், நிறுத்தவில்லை. பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்புகூட எடுத்திருக்கிறாள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

பாட்டிக்கு நான் விளக்கிய மாதிரியே இங்கும் சொல்கிறேன். சியாபு என்பது மெத்தாம்ஃபெட்டமைன், சுருக்கமாக மெத். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. தாயின் ரத்தத்தில் ஏறுவது பிள்ளையின் ரத்தத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். பெரியவர் மூளையில் அது டோபமைன், செரோடோனின், நோர்அட்ரினலின் என்ற ரசாயனங்களை நரம்பு முனைகளிலிருந்து கொட்ட வைக்கிறது. அந்த வேகமும் தூக்கமின்மையும் அதனால்தான்.

கருவின் மூளையில் இதே ரசாயனங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. எந்த நரம்பணு எங்கே போய் உட்கார வேண்டும், எந்தப் பக்கம் கிளை விட வேண்டும் என்பதில் அவை வழிகாட்டுகின்றன. கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவாரே, அந்த மாதிரி. யாரோ நூலை இழுத்து இழுத்து விட்டால் சுவர் விழாது, ஆனால் வரிசை கோணலாகும். டோபமைன் நரம்பணுக்கள் கருவில் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தோன்றத் தொடங்கிவிடும். நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிக்காத நேரம் அது.

இரண்டாவது வழி ரத்தக் குழாய். சியாபு அதைச் சுருக்குகிறது, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. மூன்றாவது வழி தாயின் பசி. இவளுடைய வயிறு சின்னதாக இருந்ததற்கு இவை எல்லாம் காரணமாக இருக்கலாம். சிகரெட்டுக்கும் ரத்தக் குறைவுக்கும்கூட அதே பலன் உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அன்றைக்கு இதை நாங்கள் நன்றாகத் தெரிந்துதான் இருந்தோம். பிற்பாடு மறந்துவிட்டோம்.

பிறப்பும் முதல் மாதங்களும்

37 வாரத்தில் மருத்துவமனையில் சுகப்பிரசவம். ஆண் குழந்தை, 2,180 கிராம், தலைச்சுற்றளவு 31.5 செண்டிமீட்டர். வாரத்துக்குத் தகுந்த எடை இல்லாத பிள்ளை. அமெரிக்காவில் 2002இல் லாஸ் ஏஞ்சலிஸ், ஹோனலூலு, டல்சா, டி மோய்ன் ஆகிய ஊர்களில் தொடங்கி, பிறகு நியூசிலாந்திலும் நடந்த ஐடியல் என்ற ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அங்கே தாய் வயிற்றில் மெத் பட்ட 204 பிள்ளைகளையும் படாத 208 பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மெத் பட்டவர்கள் வாரத்துக்குத் தகுந்த எடை இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு கூடுதல்.

முதல் ஐந்து நாள் பிள்ளை எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பால் வாயில் வைத்தால் இரண்டு தடவை உறிஞ்சிவிட்டுத் தூங்கிவிடும். கன்னத்தைத் தட்டி, பாதத்தைத் தேய்த்து எழுப்பி, மூன்று மணிக்கொரு தடவை கொடுத்தார்கள். அதற்குப் பின் தலைகீழ். கை நடுங்கும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும், கீச்சென்று அழுதால் நிறுத்தாது. ஹெராயின் பட்ட குழந்தைக்குச் சில சமயம் மார்ஃபின் சொட்டு தேவைப்படும். இந்தக் குழந்தைக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. விளக்கைக் குறைத்து, துணியில் இறுக்கிச் சுற்றி, மார்போடு அணைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று முடிவானது. மெத் பாலில் இறங்கும், அவள் நிறுத்தியதற்கு உறுதி இல்லை. அந்த நாள் அவள் அழுதது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. மார்பு கட்டிக்கொண்டு, துணியை நனைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் பிள்ளை புட்டிப்பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி மருத்துவமனை டாக்டர் சமூக நல இலாகாவுக்குத் தகவல் கொடுத்தார். அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புவதா, பாட்டியிடம் விடுவதா என்பது கேள்வி. பாட்டியிடம் விடச் சொல்லி நானும் பேசினேன். வீடு சின்னது, வருமானம் குறைவு, ஆனால் அந்த அம்மாள் கையில் ஒரே ஆள் வளர்ப்பு கிடைக்கும். ஆள் மாறி ஆள் தூக்கினால் இந்த மாதிரிப் பிள்ளை இன்னும் மிரளும். இந்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தாய் தானாகவே சிகிச்சைக்குப் போனாள். லாரி ஓட்டியவர் பிள்ளைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் வேறு வழக்கில் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போன முதல் தடவை ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. வேகமாக ஆட்டினால்தான் தூங்குவான் என்றார் பாட்டி. உண்மையில் அந்த வேகம்தான் அவனைத் தூங்கவிடவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, பழைய கைலியில் தூளி கட்டி, காற்றாடிச் சத்தத்துக்கு ஈடாக மெல்ல ஆட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் பாட்டி கிளினிக்குக்கு ஆள் அனுப்பினார், பையன் நான்கு மணி நேரம் தூங்கினான் என்று.

அன்றைக்கு நான் பார்த்தும் மனதில் வாங்காதது இரண்டு. புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்து, படுத்தபடியே பால் குடிக்க விட்டிருந்தார்கள். மாமன் வரவேற்பறையில் சிகரெட் பிடித்தார்.

ஆறு மாதத்தில் கைகால் கொஞ்சம் விறைப்பு. ஒரு வயதில் கடலையைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து எடுக்கத் தடுமாறினான். ஐடியல் ஆய்விலும் ஒரு வயதில் பிடிக்கும் திறனில் மெல்லிய குறை தெரிந்து, மூன்று வயதுக்குள் மங்கிப்போனது. இவனுக்கும் அப்படியே. நடந்தது 14ஆம் மாதம்.

எட்டாம் மாதம் தாய் மறுபடி விழுந்தாள். சிகிச்சையை விட்டு ஓடி, நான்கு மாதம் எங்கே என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது பாட்டி கதவைத் திறக்க யோசித்தார். நான் அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அடுத்த கர்ப்பம் இப்போது வேண்டாம் என்று அவளே கேட்டு, கையில் மூன்று ஆண்டு இம்பிளாண்ட் வைத்துக்கொண்டாள்.

ஒரு வரி

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பிரசவ விவரத்துக்கு மேலே, சிவப்பு மையில் ‘சியாபு பிள்ளை’ என்று மலாயில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். யாராவது பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, கூடுதல் கவனம் கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

புத்தகத்தைத் திறப்பவர் எல்லாரும் முதலில் பார்த்தது அந்த வரியைத்தான். 18 மாதத்தில் இரண்டு சொல்தான் பேசினான், ‘பாட்டி’க்கு ‘ஆட்டி’, ‘பாலு’க்கு ‘ஆலு’. ஆட்டிசம் கேள்வித்தாளில் சந்தேகம் வரும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. டாக்டர் வரியைப் பார்த்தார், ‘தாயின் போதைப்பொருள் காரணமாகப் பேச்சுத் தாமதம், கவனித்துவரவும்’ என்று எழுதினார். இரண்டு வயதில் வேறொரு டாக்டர், அதே வாசகம். இரண்டரையில் ஐந்தாறு சொல். நினைத்தது நடக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர்களும் ‘அது சியாபு பிள்ளை’ என்றார்கள். கூப்பிட்டால் திரும்பாததைப் பாட்டி, “அவன் அம்மா எடுத்த பொருளோட பிடிவாதம்” என்று சொல்லப் பழகிவிட்டார்.

இந்தத் தவறு உலகில் ஏற்கெனவே பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் கிராக் கோக்கைன் பரவியபோது, ‘கிராக் பேபி’ என்று ஒரு தலைமுறையையே பத்திரிகைகள் உதவாது என்று எழுதித் தள்ளின. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989இல் தொடங்கி 224 பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்தார், பாதிப் பேர் கோக்கைன் பட்டவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டமுமே மற்றப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தது, காரணம் வறுமை. மெத்தும் கோக்கைனும் ஒன்றல்ல. மெத்துக்கு அழுத்தமான சில பாதிப்புகள் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் பெயர் சூட்டிவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

ரொட்டிக்காரர் வந்த நாள்

பையனுக்கு இரண்டு வயது பத்து மாதம். விட்டுப்போன ஒரு ஊசிக்காக வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஏழு மூடி. கை நடுங்கவில்லை, கவனம் சிதறவில்லை. தெருமுனையில் ரொட்டிக்காரரின் மோட்டார் ஹார்ன் கேட்டது. மூடிகளைத் தட்டிவிட்டு வாசலுக்கு ஓடினான். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எல்லாரும் நினைத்ததற்கு அந்த ஓட்டம்தான் ஆதாரம். பிறந்தபோது எடுத்த செவிச் சோதனையிலும் தேறியிருந்தான்.

அவன் வாசற்படியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். பாட்டி அடுப்படியிலிருந்து வந்து, அவனுக்கு நான்கு அடி பின்னால் நின்று, சாதாரணக் குரலில், “ஐயா, காயா ரொட்டி வேணுமா, கிரீம் ரொட்டி வேணுமா?” என்று கேட்டார். அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அசையவில்லை. அப்போது பாட்டி ஓர் எட்டு முன்னே வைக்க, அவர் நிழல் படியில் விழுந்தது. உடனே திரும்பி, அவர் முகத்தையே, வாயையே பார்த்தான்.

எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது. பிடிவாதக்காரப் பிள்ளை ரொட்டி என்றால் திரும்புவான். இவனுக்குக் கேட்கவில்லை. ஹார்ன் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை.

அந்த வாரமே செவிப் பிரிவுக்குக் கடிதம் வாங்கினேன். இரண்டு காதிலும் நடுச்செவியில் பசை போன்ற நீர் கட்டியிருந்தது. கேட்கும் அளவு இரண்டு பக்கமும் ஏறத்தாழ 40 டெசிபெல் குறைவு. அதாவது, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற உலகத்தில் அவன் வளர்ந்திருக்கிறான். இது பிறந்த பிறகு வருவது, பிறந்தபோது தேறிய சோதனை இதற்குக் காவல் இல்லை. படுத்தபடி புட்டிப்பால், வீட்டுக்குள் சிகரெட் புகை, அடிக்கடி சளி: மூன்றும் இதற்கு இடம் கொடுப்பவை. மூன்றும் என் கண்ணெதிரே இருந்தவை.

மூன்று மாதம் காத்திருந்து பார்த்தார்கள், தானாக வற்றுவது உண்டு. வற்றவில்லை. மூன்று வயது மூன்று மாதத்தில் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். மயக்கம் தெளிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், பாட்டி சட்டியில் கடுகு தாளித்த சத்தத்துக்குப் பையன் பயந்து அழுதிருக்கிறான். “இந்த வீட்டுல மூணு வருசமா கடுகு தாளிக்கறேன் மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கிடைத்தது 60 கிலோமீட்டர் தள்ளி, மாதம் ஒருமுறை. பயிற்சித் தாள்கள் மலாயில் இருந்தன. வீட்டில் பேசுவது தமிழ். சொற்களை நான் தமிழில் எழுதி, படம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். பாட்டிக்கு எழுத்து அவ்வளவாக வராது, படம் போதுமானதாக இருந்தது. நான்கு மாதத்தில் ‘ஆட்டி வா’, ‘மாமா போச்சு’ என்று இரண்டு சொல் சேர்த்தான். ஐந்து வயதில் கதை சொன்னான்.

பள்ளிக்கூடமும் மருந்தும்

பேச்சு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் கொஞ்சம் நம்பினேன். சரியாகவில்லை.

பாலர்பள்ளியில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. “பையை மாட்டிட்டு, தண்ணி போத்தல எடுத்துட்டு வா” என்றால் பையை மாட்டிக்கொண்டு நிற்பான், போத்தல் மறந்துவிடும். கோபம் முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது, வந்தால் இறங்க அரை மணி ஆகும். ஐடியல் ஆய்விலும் மூன்று, ஐந்து வயதில் உணர்ச்சி சட்டென்று பொங்குவதும், ஐந்து வயதில் கவனக்குறைவும் துடுக்கும் கூடுதலாகத் தெரிந்தன. 2004இல் லிண்டா சாங் குழு வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு, மெத் பட்ட 13 பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. செயலைத் தொடங்கவும் அடக்கவும் உதவும் உட்பகுதிகளான புட்டாமென், குளோபஸ் பாலிடஸ் ஆகியவையும், நினைவுக்குத் தேவையான ஹிப்போகேம்பஸும் அளவில் சிறுத்திருந்தன. டோபமைன் அதிகம் வேலை செய்யும் இடங்கள் இவற்றில் உண்டு. 13 பிள்ளைகள் என்பது சின்ன எண்ணிக்கை, அவர்களில் பலர் வயிற்றில் இருந்தபோது புகையும் மதுவும் பட்டவர்கள். என்றாலும், நான் அவனிடம் பார்த்ததும் அந்தப் படமும் ஒரே திசையில்தான் இருந்தன.

ஆறு வயதில் குழந்தை மனநல மருத்துவர் பார்த்தார். அறிவுத்திறன் சராசரியின் கீழ்ப்பக்கம், ஆனால் சராசரிக்குள். கவனக்குறைவும் துடுக்கும் தெளிவாக இருக்கின்றன என்றார். சிறப்புக் கல்வி வகுப்பா, சாதாரண வகுப்பா? சாதாரண வகுப்பு என்று முடிவெடுத்தோம். முன் வரிசை, ஆசிரியைக்கு இடப்பக்கம், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கரும்பலகை துடைக்கும் வேலை. இதை அந்த ஆசிரியை தானாக யோசித்தார். கரும்பலகை துடைக்கிற பிள்ளை வகுப்பைக் கலைக்கவில்லை.

முதலாம் ஆண்டின் நடுவில் மருந்துப் பேச்சு வந்தது. மெத்தில்ஃபெனிடேட். அதுவும் டோபமைன்மேல் வேலை செய்யும் ஊக்கமருந்து வகை என்று எங்கேயோ கேட்டுவிட்டு பாட்டி கிளினிக்குக்கு வந்தார், முகம் கறுத்திருந்தது. “அவ தின்னதையே பிள்ளைக்கும் குடுக்கப் போறீங்களா மிஸ்ஸி?”

அந்தக் கேள்வி நியாயமானது. இரண்டும் ஒரே தெருவில் இருப்பவைதான். ஆனால் மாத்திரை மெல்ல ஏறி, குறைந்த அளவில், இருக்கிற டோபமைனைச் சீக்கிரம் உறிஞ்சவிடாமல் நிறுத்துகிறது. புகைத்த சியாபு நொடியில் ஏறி மொத்தத்தையும் கொட்டவைக்கிறது. அளவும் வேகமும் வேறு, பலனும் வேறு. இதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாட்டி உடனே ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். அவசரப்படுத்தவில்லை. அதற்குள் தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்தினோம். தொலைக்காட்சியை மாலை ஏழுக்கு நிறுத்தினார்கள்.

இன்னொரு சிக்கல் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. தாய் அப்போது வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். ஊக்கமருந்து மாத்திரையை வீட்டில் எங்கே வைப்பது? நான் அவளிடமே நேராகக் கேட்டேன். “அம்மாகிட்ட பூட்டி வைக்கச் சொல்லுங்க மிஸ்ஸி. எனக்கு எங்க இருக்குன்னு தெரிய வேணாம்” என்றாள். டாக்டரும் குறைந்த எண்ணிக்கையில் எழுதிக்கொடுத்தார். பாட்டி அரிசிப் பெட்டிக்குள் பூட்டிய டப்பாவில் வைத்து, சாவியைத் தாலிக்கொடி இருந்த கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

இப்போது

முதலாம் ஆண்டு முடிந்துவிட்டது. ‘மரம்’, ‘பாடம்’ மாதிரியான சொற்களைக் கூட்டி வாசிக்கிறான், வாக்கியம் இன்னும் இழுக்கிறது. கணக்கு நன்றாக வருகிறது. கோபம் வந்தால் தானாக எழுந்து வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஆசிரியை அதைத் தண்டனையாக மாற்றவில்லை. பசி குறைந்திருக்கிறது, மருந்தால் வருவது, எடையை மாதாமாதம் பார்க்கிறோம். தாய் 14 மாதமாக எடுக்கவில்லை. பகல் நேர வேலை, உணவுக்கடையில். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பசியாற அழைத்துப்போகிறாள். மாமன் சிகரெட்டை வாசலுக்குக் கொண்டுபோனார், விடவில்லை.

எவை சியாபுவால், எவை காதால், எவை வீட்டு நிலைமையால் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கவனக்குறைவுக்கும் கோபத்துக்கும் சியாபுவில் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பேச்சுத் தாமதத்தின் பெரும்பங்கு காது. 18 மாதத்திலேயே அனுப்பியிருந்தால் ஒன்றரை வருடம் அவனுக்கு மிச்சமாகியிருக்கும். மூளை சொற்களைப் பிடித்துக்கொள்ளும் வயதில் போன ஒன்றரை வருடம் அது.

மாற்றியவை

பேச்சு தாமதம் என்றால், தாயின் வரலாறு எதுவாக இருந்தாலும், பிறந்தபோது சோதனையில் தேறியிருந்தாலும், முதலில் செவிச் சோதனை. எங்கள் கிளினிக்கில் இப்போது இதுதான் வழக்கம். பாட்டியோ தாயோ ‘கூப்பிட்டால் திரும்பவில்லை’ என்று சொன்னால் அதற்கான விளக்கத்தை விட்டுவிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறோம்.

கர்ப்பிணிகளிடம் போதைப்பொருள் கேள்வியை ஒரே ஒரு தடவை கேட்டு முடிப்பதில்லை. ஒவ்வொரு வருகையிலும், எல்லாப் பெண்களிடமும், கதவைச் சாத்திக் கேட்கிறேன். வேலை எத்தனை மணி நேரம், தூக்கம் எத்தனை மணி நேரம் என்று ஆரம்பிக்கிறேன். அதிலிருந்துதான் மற்றது வருகிறது.

வீட்டுக்குப் போனால் புட்டி எப்படிப் பிடிக்கிறார்கள், யார் எங்கே புகைக்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்கிறேன். சின்ன விஷயம் என்று முன்பு விட்டவை இவை.

பையனின் புத்தகத்தில் அந்தச் சிவப்பு வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்தேன். சியாபு விவரம் இப்போது பிரசவ வரலாற்றுப் பகுதியில், சிகரெட்டுக்கும் ரத்தக் குறைவுக்கும் பக்கத்தில், மற்ற எழுத்தின் அளவிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்போது இருப்பது: ‘இரு காதிலும் குழாய் வைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவிச் சோதனை. பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்க்கவும்.’